சின்னக் குழாயா, நீளக் குழாயா?

எல்லார் வீட்டுச் சமையலறையிலும் கண்டதையும் போட்டு வைக்க ஓர் இழுப்பறை இருக்கும். எங்கள் வீட்டில் அது மேலிருந்து மூன்றாவது. ரப்பர் பேண்டு, பூட்டைத் தொலைத்த சாவிகள், புயல் காலத்துக்கு வாங்கி வைத்த மெழுகுவர்த்தி, பேட்டரி எல்லாம் அதில்தான். போன வருடம் அதைத் துப்புரவு செய்தபோது அடியில் இரண்டு கடிதங்கள் கிடைத்தன. ஒன்று என் பெயருக்கு, மற்றது என் வீட்டுக்காரர் பெயருக்கு. பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான அழைப்பு. பிரான்சில் 50 வயதிலிருந்து 74 வரை உள்ளவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவது. நாங்கள் இருக்கும் இந்தியப் பெருங்கடல் தீவான ரீயூனியனும் பிரான்சின் ஒரு பகுதிதான் என்பதால், பாரிசுக்கு வருகிற கடிதம் எங்கள் ஊரான சேந்தாந்த்ரேக்கும் தவறாமல் வந்துவிடும். நாங்களும் தவறாமல் இழுப்பறையில் போட்டிருக்கிறோம்.

இதில் வெட்கப்பட வேண்டியவள் நான்தான். காரைக்காலிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து, படித்து, பதினாறு வருடமாக ஒரு பார்மசிக் கவுண்டரில் நிற்கிறேன். 2022 முதல் இந்தப் பரிசோதனைப் பெட்டியைப் பார்மசியிலேயே கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. கேள்வி கேட்டுப் பெட்டியைக் கொடுப்பது எங்கள் பார்மசிஸ்ட், “மதாம், உங்களுக்குக் கடிதம் வந்ததா?” என்று கேட்டு ஆட்களை அவரிடம் அனுப்புவது நான். ஊருக்கெல்லாம் சொன்னவள் வீட்டில் இரண்டு கடிதங்கள் பேட்டரிக்கு அடியில். சரி, உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வருவோம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. அப்படி யோசித்ததையும், அதில் நான் தப்பாகப் போட்ட ஒரு கணக்கையும் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. உங்கள் உடம்பைப் பற்றிக் கடைசி வார்த்தை உங்கள் மருத்துவருடையது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். பிரான்சில் வருடத்துக்கு ஏறக்குறைய 47,000 பேருக்குப் பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. சுமார் 17,000 பேர் இறக்கிறார்கள். ஆனால் அவசரப்படாத புற்றுநோய்களில் இதுவும் ஒன்று என்று சொல்லலாம். பெரும்பாலும் குடலின் உள்சுவரில் பாலிப் என்கிற சின்ன மருவாகத் தொடங்கும். அந்த மருக்களில் மிகச் சிலதான் கெட்டுப்போகும். அதற்கும் பத்து வருடம் போல ஆகும். அந்தப் பத்து வருடமும் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது, பசி குறையாது. ஆனால் கழிவு உரசிப் போகும்போது மரு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம். மருவாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் அதிலிருந்து புற்றுநோய் வராது. புற்றுநோயாகிவிட்டாலும் ஆரம்பத்திலேயே பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். வலி வந்த பிறகு போனால் கதை வேறு. இவ்வளவு அவகாசம் கொடுக்கிற நோய்க்கு நாம் காட்டும் மரியாதை மூன்றாவது இழுப்பறை.

நாம் என்றால் எங்கள் வீடு மட்டுமல்ல. அழைப்பு வருகிறவர்களில் மூன்றில் ஒருவர்தான் பரிசோதனையைச் செய்கிறார் என்பது பிரான்சின் பல வருடக் கணக்கு. குறைந்தது நூற்றுக்கு 45 பேராவது செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய அளவுகோல் சொல்கிறது. செலவு கிடையாது, ஊசி கிடையாது, பட்டினி கிடையாது, லீவு போட வேண்டாம். இருந்தும் இந்த நிலை. கவுண்டரில் நின்று பார்த்த வரைக்கும் எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: விஷயம் மலம். தமிழில் அந்தச் சொல்லை வாயால் சொல்லவே ஆள் கிடையாது. “அதான்மா, ரெண்டுக்குப் போறது” என்று சொல்லும்போதே குரல் தரையைத் தொட்டுவிடும். பின்னால் வரிசையில் கோயில் கமிட்டிக்காரர் நின்றால் சொல்ல வந்ததே தலைவலி மாத்திரையாக மாறிவிடும்.

இனி சின்னக் குழாய், அந்தப் பரிசோதனைப் பெட்டிக்குள் இருப்பது. இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், மூடியோடு சேர்ந்த ஒரு குச்சி, குச்சியின் நுனியில் திருகாணிபோல வரிகள். முன்பு இருந்தது வேறு மாதிரி. மூன்று நாள், நாளுக்கு இரண்டு இடம், மொத்தம் ஆறு முறை அட்டையில் தடவ வேண்டும். யார் செய்வார்? 2015-இல் அதை மாற்றி இந்தக் குழாயைக் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு முறை எடுத்தால் போதும். மனித இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை மட்டும் தேடிப் பிடிக்கும் முறை இது. அதனால் முந்தின நாள் கப்ரி மசாலே சாப்பிட்டிருந்தாலும் ஆட்டின் இரத்தம் கணக்கில் வராது. “மேடம், ஞாயித்துக்கிழமை கறி சாப்பிட்டேனே, ஒருவாரம் கழிச்சுச் செய்யவா?” என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். ஒருவாரம் கழித்து என்றால் அந்த ஒருவாரம் எனக்குத் தெரியும், இரண்டு வருடம்.

செய்வது எப்படி என்பதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். பெட்டியில் ஒரு காகிதம் இருக்கும். அதை டாய்லெட் இருக்கையில் குறுக்கே ஒட்ட வேண்டும், ஊஞ்சல்போலத் தொங்கும். மலம் தண்ணீரில் விழக்கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல்: உட்கார்ந்ததும் கை தண்ணீர்க் குழாயைத் தேடும். முதலில் சாம்பிள், அப்புறம் தண்ணீர். குச்சியின் நுனியால் இரண்டு மூன்று இடத்தில் கீறினால் வரிகளில் ஒட்டுகிற அளவே போதும். அதிகம் வைத்தால் நல்லது என்று அள்ளி வைக்கக்கூடாது. குச்சியைக் குழாயில் செருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். குலுக்கு, பையில் போடு, தபால்செலவு ஏற்கெனவே கட்டிய உறையில் வை, தபாலில் சேர். காபி போடும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இரண்டு விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, எடுத்த தேதியை எழுத மறப்பது. தேதி இல்லாத குழாயை ஆய்வகம் பரிசோதிக்காது. “மறுபடியும் செய்யுங்கள்” என்று கடிதம் வரும், ஏற்கெனவே கூச்சப்பட்டுச் செய்தவர் மறுபடி செய்யவே மாட்டார். இரண்டாவது வெயில். சூட்டில் ஹீமோகுளோபின் சிதைந்துபோகும். இரத்தம் இருந்தும் இல்லை என்று முடிவு வர வாய்ப்பு உண்டு. எங்கள் ஊர்க் கோடையான பிப்ரவரி மாதத்தில் காரின் முன்பக்கம் குழாயை வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு. எடுத்த 24 மணி நேரத்துக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். சனிக்கிழமையோ விடுமுறைக்கு முந்தின நாளோ எடுக்க வேண்டாம், தபால்பெட்டியிலேயே வெந்துபோகும். திங்கள் அல்லது செவ்வாய் காலை நல்லது. ராகுகாலம் பார்க்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, இந்தக் குழாய் எவ்வளவு நம்பகமானது? புற்றுநோய் இருக்கும் நான்கு பேரில் மூன்று பேரை ஒரே தடவையில் பிடித்துவிடும். பெரிய பாலிப் என்றால் பிடிபடுவது நான்கில் ஒன்றுபோலத்தான். எல்லா மருவும் எல்லா நாளும் கசிவதில்லை. இதைக் கேட்டதும் “அப்ப இது எதுக்கு?” என்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்ததே அதற்குத்தான். மரு மெதுவாக வளர்கிறது, இந்த முறை தப்பியது அடுத்த முறை வலையில் விழும். ஒருமுறை செய்துவிட்டு ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று ஆயுளுக்கும் இருந்துவிட்டால் குழாயின் பாதிப் பயன் போய்விடுகிறது. நூறு குழாயில் ஏறக்குறைய நான்கில் இரத்தம் தெரியும். அந்த நான்கு பேருக்கும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. இப்படி இரத்தம் தெரிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இருக்காது. ஆனால் பாலிப் கிடைக்கிறவர்கள் நிறைய. இரத்தம் தெரிந்தவர்கள் கட்டாயம் நீளக் குழாய்க்கு, அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் சின்னக் குழாயைச் செய்ததற்கே பொருளில்லை. “இன்னொரு பெட்டி குடுங்க, மறுபடி செஞ்சு பார்க்கிறேன்” என்று வந்து நிற்பார்கள். கூடவே கூடாது. இரண்டாம் தடவை இரத்தம் வரவில்லை என்றால் முதல் தடவை வந்தது பொய்யாகிவிடுமா?

நீளக் குழாய் என்று நான் சொல்வது கொலோனோஸ்கோப்பி. நுனியில் கேமராவும் விளக்கும் வைத்த, வளைந்து கொடுக்கிற குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது. பார்ப்பது மட்டுமில்லை, பாலிப் கண்ணில் பட்டால் அங்கேயே கண்ணிபோட்டு அறுத்து எடுத்துவிடுவார்கள். இதற்கு நிகராக வேறு எதுவும் கிடையாது. ஒன்றும் இல்லை என்று வந்தால், குடும்பத்தில் நோய் இல்லாதவர்களுக்குப் பத்து வருடத்துக்குக் கவலையில்லை. குறை என்னவென்றால், குடலில் ஓட்டை விழுவதோ பெரிய இரத்தப்போக்கோ ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில் உண்டு. கம்மிதான், பூஜ்யம் இல்லை. பிரான்சில் பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். அதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னால் மயக்க மருந்து நிபுணரைத் தனியாகப் பார்க்க வேண்டும், அது சட்டம். அன்றைக்குக் கார் ஓட்டக்கூடாது, கூட ஓர் ஆள் வர வேண்டும்.

எல்லோரும் பயப்படுவது குழாய்க்கு. ஆனால் செய்துகொண்டவர்கள் யாரும் குழாயைப் பற்றிப் பேசுவதில்லை, தூங்கி எழுந்ததுதான் நினைவிருக்கிறது என்கிறார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் அதற்கு முந்தின நாட்களைப் பற்றி. மூன்று நாளைக்கு நார் உள்ள எதுவும் கூடாது. காய் இல்லை, பழம் இல்லை, பருப்பு இல்லை. இந்தத் தீவில் சாப்பாடு என்றால் சோறு, அதன்மேல் கிரேன் என்கிற பருப்போ பயறோ, பக்கத்தில் பிரேத் என்கிற கீரை, அப்புறம் காரி என்கிற குழம்பு, ருகாய் என்கிற காரத் துவையல். இதில் பாதி தட்டிலிருந்து போய்விடும். காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்து பழகியவர்கள் குழம்பிப்போகிறார்கள், ஏனென்றால் இது தலைகீழ் விரதம். வெள்ளைச் சோறு, மீன், முட்டை சாப்பிடலாம். கீரையும் பருப்பும் கூடாது. எங்கள் கடையில் ஓர் அம்மா, “மீன் சாப்பிட்டுட்டுக் கீரையை விலக்குற விரதம் எந்தச் சாமிக்குடி?” என்று கேட்டார். ரசத்தை நன்றாக வடிகட்டி, தெளிவை மட்டும் குடிக்கலாம். முந்தின நாள் மாலையும் அன்று காலையும் பேதி மருந்து. தண்ணீரில் கரைத்து லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். எலுமிச்சையும் உப்பும் சண்டைபோட்ட மாதிரி ஒரு ருசி. குளிரவைத்து, ஸ்ட்ரா போட்டு, இடையில் வெறும் தண்ணீர் குடித்தால் இறங்கும். இதை அரைகுறையாகக் குடித்துவிட்டுப் போனால் குடல் சுத்தமாக இருக்காது, டாக்டருக்கு மரு தெரியாது, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள்.

செலவு: சின்னக் குழாய் முழுக்க இலவசம். நீளக் குழாயில் பெரும்பகுதியைச் செக்யூரித்தே சோசியால் என்கிற அரசுக் காப்பீடு கொடுக்கும், மிச்சம் மூத்துயேல் என்கிற உங்கள் கூடுதல் காப்பீட்டைப் பொறுத்தது. பணத்தைவிட நாள்தான் தட்டுப்பாடு. நாங்கள் முதலில் கேட்ட இடத்தில் ஐந்து மாதம் கழித்து ஒரு தேதி கொடுத்து, அதையும் போன் பண்ணி மாற்றினார்கள். இரத்தம் வந்த குழாயின் முடிவைக் கையில் வைத்திருக்கிறவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. முடிவு வந்த தாளைச் சொல்லிக் கேட்டால் முன்னால் இடம் கிடைக்கும், கிடைக்காவிட்டால் குடும்ப டாக்டரைவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக்குள் வருகிறேன். என் வீட்டுக்காரருக்கு 61 வயது. கடிதங்களை மேசைமேல் வைத்ததும் அவர் சொன்னது: “இந்தக் குழாயெல்லாம் ஏழைக்கு எள்ளுருண்டை. செஞ்சா கொலோனோஸ்கோப்பி செய்யணும். அதுதான் டெஸ்ட்டு.” சரி, செய்யுங்கள் என்றேன். “பார்க்கலாம், பென்ஷன் வரட்டும்.” இதே பேச்சை அவர் 57 வயதில் பேசினார், 59-இலும் பேசினார். பெரியதைக் காட்டிச் சின்னதைத் தட்டிக் கழிப்பது; பெரியதையும் செய்யாமல் இருப்பது. கவுண்டரில் இந்த ரகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் ஆண்கள். படித்தவர்கள் என்றால் இன்னும் நன்றாகப் பேசுவார்கள்.

இந்த வாதத்துக்கு ஸ்பெயின்காரர்கள் பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். 50 முதல் 69 வயது வரை உள்ள 57,000-க்கும் மேற்பட்டவர்களைச் சீட்டுப்போட்டு இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு தடவை கொலோனோஸ்கோப்பிக்கு அழைப்பு, மறு பிரிவுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சின்னக் குழாய். பத்து வருடம் கழித்து எண்ணிப் பார்த்ததை 2025-இல் வெளியிட்டார்கள். பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 0.22 சதவீதம், இரண்டாவதில் 0.24. அதாவது வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பரிசோதனை ஏன் ஜெயிக்கவில்லை? நீளக் குழாய்க்கு அழைத்தவர்களில் நூற்றுக்கு 32 பேர்தான் வந்தார்கள்; சின்னக் குழாயில் 40 பேர். வராதவர் குடலை எந்தக் கேமராவும் பார்க்காது. போலந்து, நார்வே, ஸ்வீடன் மூன்றிலும் நடந்த இன்னொரு பெரிய ஆய்விலும் கொலோனோஸ்கோப்பிக்கு அழைத்தவர்களில் வந்தது 42 சதவீதம். இதையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்லி, “உங்களுக்குச் சின்னக் குழாய்தான்” என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

அந்தத் தீர்ப்புதான் தப்பாகப் போனது. பெட்டி கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வித்தாள் உண்டு. அதில் ஒரு கேள்வி: பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் யாருக்காவது இந்த நோய் உண்டா? “எங்க குடும்பத்திலயா? யாருக்கும் கிடையாது” என்றார். நானும் இல்லை என்றுதான் குறிக்கப் போனேன். பேனா நின்றது. காரைக்காலில் இருக்கும் என் மூத்தாருக்கு, அதாவது இவருடைய அண்ணனுக்கு, பல வருடத்துக்கு முன் ஓர் ஆபரேஷன் நடந்தது. குடலில் புண் என்று சொன்னார்கள். அன்று இரவே ஓரகத்திக்குப் போன் போட்டேன்.

“அக்கா, மாமாவுக்கு அப்ப என்ன ஆபரேஷன் செஞ்சாங்க?”

“குடல்ல புண்ணுதான்மா. ஏன்?”

“புண்ணுக்குக் குடலை வெட்டி எடுப்பாங்களா அக்கா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் மெதுவாக, “மாமனார் அப்ப உசுரோட இருந்தாரு. அவர் காதுக்குப் போகக்கூடாதுன்னு அப்படிச் சொன்னோம். அப்புறம் அதுவே பழகிப்போச்சு. பொண்ணுங்க கல்யாணம் வேற இருந்துச்சே. ஆறு மாசம் ஊசிக்குப் போய்வந்தோம், யாருக்கும் தெரியாது” என்றார். அப்போது மூத்தாருக்கு 59 வயது. இன்றைக்கும் நன்றாக இருக்கிறார், காலையில் கடற்கரையில் நடக்கிறார்.

அந்த ஒரு போனில் கணக்கு மாறிவிட்டது. தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளை இவர்களில் ஒருவருக்கு 65 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால், அல்லது வயது எதுவானாலும் இரண்டு பேருக்கு வந்திருந்தால், பிரான்சில் சின்னக் குழாய் கொடுக்க மாட்டார்கள். ஆபத்து கூடியவர் என்று கணக்கு; நேராகக் கொலோனோஸ்கோப்பிதான், அதுவும் 45 வயதிலேயே தொடங்க வேண்டும். என் வீட்டுக்காரர் தவறான காரணத்துக்காகச் சரியான விடையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார், அதையும் செய்யாமல். நான் சரியான புள்ளிவிவரத்தோடு தவறான விடையைச் சொன்னேன். ஸ்பெயின் கணக்கு சாதாரண ஆபத்து உள்ளவர்களுக்கானது என்பது எனக்குத் தெரியாததா என்ன! நம் குடும்பங்களில் கேன்சர் என்றால் புண், கட்டி, வாயு, “அந்த நோய்” என்று ஆயிரம் பெயர்கள். பேரை மாற்றியதில் பெண்களுக்கு வரன் கிடைத்தது உண்மைதான். தம்பிக்குச் சேதி போகவில்லை. ஆகவே எந்தக் குழாய் என்று யோசிப்பதற்கு முன்னால் ஊருக்கு ஒரு போன். ‘என்ன நோய்’ என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள். ‘எதை வெட்டினார்கள், எத்தனை மாதம் ஊசி போட்டார்கள், அப்போது என்ன வயது’ என்று கேளுங்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு, அவர்களுக்கும் சின்னக் குழாய் கிடையாது. ஒருநாள் கடை மூடும் நேரம் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூலத்துக்குக் களிம்பு கேட்டார், அந்த மாதத்தில் மூன்றாவது முறை. “எவ்வளவு நாளா?” என்றேன். “உடம்புச் சூடும்மா. காரம் சேர்த்தா போகும். வெந்தயம் ஊறப்போட்டுக் குடிக்கிறேன்.” இரத்தம்? “வரும், போகும்.” எடையும் குறைந்திருந்தது, கால்சட்டையின் இடுப்பை பெல்ட் சுருக்கிப் பிடித்திருந்தது. “அந்தக் குழாய் டெஸ்ட்டு ஒண்ணு குடுப்பீங்களாமே, அதைக் குடுங்க, பார்த்துடலாம்” என்றார். பார்மசிஸ்ட் கொடுக்கவில்லை, மறுநாளே அவருடைய மருத்துவரிடம் அனுப்பினார். கண்ணால் இரத்தத்தைப் பார்த்தவருக்கு, கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் குழாய் எதற்கு? பலருக்கு அது மூலமாகவே இருக்கும். ஆனால் மூலம் இருப்பவருக்குக் குடலில் வேறொன்று இருக்கக்கூடாது என்று சட்டமில்லை. மலம் போகும் பழக்கம் காரணமில்லாமல் மாறி வாரக்கணக்கில் நீடித்தாலும், இரும்புச்சத்து காரணமில்லாமல் குறைந்தாலும், எடை இறங்கினாலும் இதே வழிதான்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தீவில் இருக்கிறவருக்கு அவை பெரிய தேர்வில்லை. குடலை ஸ்கேனரில் பார்ப்பது ஒன்று உண்டு. கொலோனோஸ்கோப்பி செய்ய முடியாதவர்களுக்கு நல்லது. ஆனால் குடலைத் தயார் செய்யும் பாடு அதிலும் உண்டு, மரு தெரிந்தால் எடுக்க மறுபடியும் நீளக் குழாய்தான் வர வேண்டும். டெக்சாசில் இருக்கும் அக்கா மகன் இரத்தப் பரிசோதனையைப் பற்றிப் பெருமையாக எழுதினான். ஷீல்ட் என்று பெயர், 2024-இல் அங்கே அனுமதி கிடைத்தது. புற்றுநோயை நூற்றுக்கு 83 பிடிக்கிறது, மோசமில்லை. ஆபத்தான பாலிப்பை 13-தான். மருவைப் பிடிக்காத பரிசோதனை எனக்கு வேண்டாம், வீடு தீப்பிடித்த பிறகு மணியடிக்கிற மாதிரி. மலத்தில் மரபணுவையும் சேர்த்துப் பார்க்கும் இன்னொரு பெட்டி அங்கே உண்டு. அதிகம் பிடிக்கும், வீண் பயமும் அதிகம் கொடுக்கும். அமெரிக்காவில் 2021 முதல் 45 வயதிலேயே தொடங்கச் சொல்கிறார்கள்; இங்கே 50. டர்பனில் இருக்கும் என் சித்தி மகளுக்குக் கடிதமே வராது. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்று நாடு தழுவிய திட்டம் கிடையாது. காரைக்காலில் அரசு செய்யும் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றுக்கும்தான். இழுப்பறையில் கடிதம் கிடக்கிறதே என்று வருத்தப்படவும் ஒரு கொடுப்பினை வேண்டியிருக்கிறது.

75 ஆனதும் கடிதம் நின்றுவிடும். அப்போது நல்ல தெம்போடு இருக்கிறவர், அதுவரை ஒருமுறைகூடச் செய்யாதவர், மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. எண்பத்தைந்து வயது மாமியாரைப் பேதி மருந்து குடிக்க வைக்கத் துடிக்கும் பிள்ளைகளுக்கு: வேண்டாம், விட்டுவிடுங்கள்.

எனக்கு 56. என் பிறந்த வீட்டில் கேட்டேன், துருவித் துருவிக் கேட்டேன், யாருக்கும் இல்லை. எனவே சின்னக் குழாய். ஒரு திங்கட்கிழமை காலை செய்து, தேதியை எழுதி, எழுதினேனா என்று இரண்டு முறை பார்த்து, வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டேன். இரண்டு வாரத்துக்குள் முடிவு வந்தது, இரத்தம் இல்லை. இரண்டு வருடம் கழித்து மறுபடியும்.

வீட்டுக்காரருக்கு வேறொரு ஊரில் ஏழு வாரத்தில் கொலோனோஸ்கோப்பிக்குத் தேதி கிடைத்தது. மூன்று நாள் பிரேத் ஷூஷூ கீரை இல்லாமல் சோறு தின்றதை மூன்று மாதம் சொல்லிக் காட்டினார். இரண்டு பாலிப் இருந்தன, பெரியது எட்டு மில்லிமீட்டர். அங்கேயே எடுத்துவிட்டார்கள். ஆய்வில் கெட்டது எதுவுமில்லை. ஐந்து வருடம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் மயக்கம் தெளிந்து, டீ குடித்துவிட்டு, அவராகவே போனை எடுத்தார். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கைக்கு. அவளுக்கு 52 வயது. போன வருடம் சின்னக் குழாய் செய்து, ஒன்றுமில்லை என்று வந்து, நிம்மதியாக இருந்தாள். அவளுக்கும் மூத்தார் அண்ணன்தானே. அண்ணன் ஆபரேஷன் கதையை முதல்முறையாக அதன் பெயரோடு சொன்னார். மறுமுனையில் அழுகை கேட்டது, அப்புறம் கேள்விகள்.

“நாலு லிட்டர் குடிக்கணுமாமே அண்ணா?”

“எனக்கு ரெண்டுதான் குடுத்தாங்க. குளிரவச்சுக் குடி.”